இஸ்லாமியத் தமிழில் வேட்கைச் சொற்கள்: சட்டம், காப்பியம், ஞானம்

1. முன்னுரை

சமயங்கள் காமத்தை எவ்வாறு நோக்கின என்னும் வினாவிற்கு விடை காண முற்படுவோர் பெரும்பாலும் மூலநூல்களின் விதிகளையும் விலக்குகளையும் தொகுத்துக் காட்டுவர். ஆயினும் ஒரு சமயம் ஒரு மொழியினரிடையே நிலைபெறும்போது அதன் விதிகள் அம்மொழியின் சொற்களிலேயே வழங்கத் தொடங்குகின்றன. அச்சொற்கள் தமக்கு முன்பே உள்ள பொருட்சாயல்களைக் களைந்துவிட்டு வருவதில்லை. எனவே ஒரு சமயத்தின் மனப்பான்மையை அறிவதற்கு அதன் விதிநூல்களோடு, அது பேசிய சொற்களின் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும்.

இஸ்லாத்தையும் தமிழையும் பொறுத்தவரை இரு கருத்துகள் பரவலாக வழங்குகின்றன. இஸ்லாம் பாலுணர்வை ஒடுக்கும் சமயம் என்பது ஒன்று. தமிழ் முஸ்லிம் புலவர்தம் பாடல்களில் காணப்படும் காதல் வருணனையும் நாயகன் நாயகி பாவமும் சைவ வைணவ பக்தி மரபிலிருந்து பெற்ற கடனேயன்றி இஸ்லாத்திற்கு உரியன அல்ல என்பது மற்றொன்று. இவை இரண்டும் இஸ்லாமியத் தமிழின் சொல்வரலாற்றோடு பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்விற்குத் தென் திருவிதாங்கூர் ஏற்ற களமாக அமைகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறும்வரை பத்மநாபபுரமே திருவிதாங்கூர் மன்னர்களின் தலைமையிடமாக இருந்தது. அதன் அருகே உள்ள தக்கலை, பீர்முகம்மது அப்பா அவர்கள் அடங்கிய ஊர். கோட்டாறு, ஞானியார் சாகிபு அவர்களின் ஊர். 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணையும்வரை இவ்விரு ஊர்களும் திருவனந்தபுரத்தின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. அறபு, தமிழ், மலையாளம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று உறவாடிய பகுதி இது.

2. மூலநூல்களின் நிலை

குர்ஆன் துறவறத்தை விதியாக்கவில்லை. முன்னைய சமுதாயத்தினர் துறவைத் தாமாகவே புனைந்துகொண்டனர் என்னும் கருத்து 57ஆம் அத்தியாயத்தில் இடம்பெறுகிறது. இரண்டாம் அத்தியாயம் கணவனையும் மனைவியையும் ஒருவருக்கொருவர் ஆடையாக உருவகிக்கிறது. முப்பதாம் அத்தியாயம் இணையரிடையே உள்ள அன்பையும் பரிவையும் இறைவனின் சான்றுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. நபித்தோழர் உதுமான் இப்னு மழ்ஊன் இல்லற இன்பத்தை விட்டொழிக்க விரும்பியபோது நபிகள் நாயகம் அதனை ஏற்கவில்லை என்பது ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. மனைவியுடன் கூடுவதும் அறமாகக் கணிக்கப்படும் என்னும் செய்தி முஸ்லிம் என்னும் ஹதீஸ் தொகுப்பில் காணப்படுகிறது.

இமாம் கஸ்ஸாலி (1058-1111) தம் 'இஹ்யா' என்னும் பெருநூலில் இப்பொருளை இரண்டு இடங்களில் விரித்துரைக்கிறார். திருமண ஒழுக்கம் பற்றிய பகுதியில் மணத்தின் பயன்கள் ஐந்து எனவும் கேடுகள் மூன்று எனவும் வகுக்கிறார். கூடலின்பம் மறுமை இன்பத்தின் முன்சுவையாக அமைந்து மனிதனை இறைவழிபாட்டிற்குத் தூண்டுகிறது என்பது அவர் கருத்து. மனைவியின் நிறைவையும் கருதிக் கணவன் பொறுமை காத்தல் வேண்டும் என்றும் அவர் கூறுகிறார். மற்றொரு பகுதியில் வயிற்றின் வேட்கை, பாலுறுப்பின் வேட்கை ஆகிய இரண்டையும் அடக்கும் முறையை ஆராய்கிறார். அங்கும் அவர் வேண்டுவது நடுநிலையே. வேட்கையை முற்றாக அழித்தல் அவர் நோக்கமன்று. ஆசை அறுத்தலையே வீடுபேற்றின் வாயிலாகக் கொண்ட மணிமேகலையின் நெறியோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும்.

எனினும் வேட்கை அனைத்தும் ஏற்புடையது என்று இந்நூல்கள் கொள்வதில்லை. மணவுறவு என்னும் எல்லைக்குள் அது அறம். எல்லைக்கு வெளியே தண்டனைக்குரிய குற்றம். ஆண் பலரை மணக்கவும் மணவிலக்குச் சொல்லவும் பெற்ற உரிமை பெண்ணுக்கு அதே அளவில் இல்லை. இன்பத்தைப் போற்றுதலும் எல்லையை வலியுறுத்தலும் ஒருங்கே நிற்பதே இம்மூலநூல்களின் இயல்பு எனலாம்.

3. சட்டத் தமிழ்

தமிழ் முஸ்லிம்களுள் பலரும் கேரள முஸ்லிம்களுள் பெரும்பாலோரும் ஷாபிஈ சட்ட மரபைப் பின்பற்றுவோர். தமிழ் ராவுத்தர் சமுதாயத்தில் ஹனபி மரபினர் மிகுதி. பொன்னானியில் வாழ்ந்த இரண்டாம் ஸைனுத்தீன் மக்தூம் 16ஆம் நூற்றாண்டில் அறபியில் இயற்றிய 'பத்ஹுல் முஈன்' ஷாபிஈ சட்ட நூல்களுள் புகழ்பெற்றது. திருமணம் பற்றிய விரிவான பகுதியைக் கொண்ட இந்நூல் கேரளத்தில் மட்டுமன்றித் தென்கிழக்காசியாவிலும் பாடநூலாயிற்று. இத்தகைய அறபு நூல்களின் செய்திகள் அறபுத்தமிழ் உரைநூல்கள், மாலைகள், மசலாக்கள் வழியாகத் தமிழ் மக்களைச் சென்றடைந்தன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் அறபுத்தமிழ்ப் பணி இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

இச்சட்டத் தமிழின் சொற்களைத் தொகுத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலனாகிறது. நிக்காஹ், மஹர், தலாக், இத்தா, வலீ என ஒப்பந்தம் சார்ந்த சொற்கள் அறபாகவே நிற்கின்றன. உடல் சார்ந்த செயல்களோ பெரும்பாலும் தமிழாகின்றன. கணவன் மனைவியர் கூடுதல் 'வீடு கூடுதல்' எனப்பட்டது. கூடலுக்குப் பின் வரும் தூய்மையின்மை 'பெருந்தொடக்கு' எனவும், தொழுகைக்கு முன் கைகால் கழுவுதலால் நீங்குவது 'சிறுதொடக்கு' எனவும் வழங்கின. அந்நிலையில் இருப்பவர் 'முழுக்காளி' ஆனார்.

இப்பாகுபாட்டிற்குக் காரணம் காண்பது கடினமன்று. ஒப்பந்தச் சொல் சிறிது பிறழினும் சட்ட விளைவு மாறும். ஆகவே அதன் மூல வடிவம் காக்கப்பட்டது. உடற்செயலைப் பற்றிய அறிவோ ஆண், பெண் இருபாலாருக்கும் கடமை. எழுத்தறியாதோரும் கேட்டு உணர்தல் வேண்டும். எனவே அது வீட்டுமொழியில் கூறப்பட்டது. பாலுறவைப் பற்றிப் பேசுதலே இழிவு எனச் சமயம் கருதியிருப்பின் இத்தகைய எளிய, வெளிப்படையான கலைச்சொற்கள் தோன்றியிரா. 'வீடு கூடுதல்' என்னும் தொடர் இடக்கரடக்கலாக இருப்பினும் அதில் இழிவுச்சாயல் இல்லை என்பது கருதத்தக்கது.

ஆனால் தமிழ்ச் சொல்லை ஏற்றதன் விளைவாகப் பொருள் மாற்றமும் நேர்ந்தது. 'தொடக்கு', 'தீட்டு' ஆகியன தமிழ்ச் சமுதாயத்தில் தொடுதலால் பரவும் தீட்டையும் குறித்தன. இஸ்லாமியச் சட்டத்தில் இது வழிபாட்டிற்குரிய தகுதி மட்டுமே. அந்நிலையில் உள்ளவரின் உடல் தீண்டத்தகாதது ஆவதில்லை. மாதவிலக்குற்ற மனைவியுடன் ஒன்றாக உண்ணலாம், உறங்கலாம். கூடுதல் மட்டுமே விலக்கப்பட்டது. இவ்வரையறையை அறபுச் சொல் காத்தது. 'தீட்டு' என்னும் தமிழ்ச் சொல் அண்டை வீட்டாரின் வழக்கத்தையும் உடன் அழைத்து வந்தது. மலையாளத்தில் இதே கருத்துக்கு 'வலிய அசுத்தி', 'செறிய அசுத்தி' என வடசொல்லடியாகச் சொற்கள் அமைந்தமை ஒப்புநோக்கத்தக்கது. இரு மொழிகளும் வெவ்வேறு சொற்களைக் கொண்டபோதிலும் ஒரே வகையான பொருள் விரிவுக்கு இடமளித்தன.

4. காப்பியத் தமிழ்

சட்டத் தமிழ் மணவுறவின் எல்லைகளை வகுத்தது. வேட்கையை ஓர் உணர்வாகக் காட்டும் பணியைக் காப்பியத் தமிழ் மேற்கொண்டது. இதற்குச் சிறந்த சான்று உமறுப்புலவரின் சீறாப்புராணம். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களில் 5027 பாடல்களைக் கொண்ட இக்காப்பியம் 17ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுந்தது. இதற்குரிய அறபு மூலச் செய்திகளை வழங்கியவர் சதக்கத்துல்லாஹ் அப்பா எனும் பேரறிஞர் என்பது மரபு.

கதீஜா நாயகியின் திருமணம் உமறுப்புலவருக்கு ஒரு சிக்கலை முன்வைத்தது. வரலாற்று மரபின்படி கதீஜா நாயகி மக்காவின் வணிகச் செல்வர், கணவரை இழந்தவர், நாற்பது வயதினர். தம் வணிகப் பொருளுடன் சிரியா சென்று திரும்பிய இருபத்தைந்து வயது முகம்மதின் நேர்மையை அறிந்து மண விருப்பத்தை முதலில் தெரிவித்தவர் அவரே. தமிழ் அகமரபோ தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன் தானே எடுத்துக் கூறுதலை ஏற்பதில்லை. தொல்காப்பியக் களவியல் இதனை விதியாகவே கூறுகிறது. சமயத்தின் வரலாறு பெண்ணின் விருப்பத்தை வெளிப்படையாகக் கூற, தமிழின் இலக்கணம் அதனை மறைபொருளாக வைக்க வேண்டியது.

இம்முரணைப் புலவர் தீர்த்த முறையைப் படலங்களின் பெயர் வரிசையே காட்டும். கதீஜா கனவு கண்ட படலம், மணம் பொருத்து படலம், மணம்புரி படலம் என அவை அமைகின்றன. வேட்கை முதலில் கனவில் தோன்றுகிறது. பின்னர்ப் பெரியோர் வாயிலாக மணம் பேசப்படுகிறது. இறுதியில் ஊரறிய மணம் நிகழ்கிறது. கனவு என்னும் வாயிலால் நாயகியின் விருப்பம் அகமரபின் எல்லையை மீறாமலேயே வெளிப்படுகிறது. அதே வேளையில் வரலாற்றின் உண்மையும் சிதையவில்லை. விருப்பம் பெண்ணிடமே முதலில் எழுகிறது. மண ஊர்வலத்தைக் காணும் மகளிரின் நிலையை உலா மரபில் பாடுவதும் இக்காப்பியத்தின் போக்கிற்கு இயைந்ததே.

இங்கு முன்னர்ச் சுட்டிய கடன் என்னும் கருத்தை மறுஆய்வு செய்தல் வேண்டும். வடிவங்கள் தமிழிலிருந்து வந்தன என்பதில் ஐயமில்லை. ஆயின் பெண் தன் விருப்பத்தால் மணந்தாள் என்னும் கருப்பொருள் சமய வரலாற்றிலேயே உள்ளது. அகமரபு அதற்கு மொழியை வழங்கியது, கருவை வழங்கவில்லை.

காப்பியத்தில் காணும் இப்போக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. கொண்டோட்டி மோயின்குட்டி வைத்தியர் (1852-1892) 1872இல் இயற்றிய 'பத்றுல் முனீர் ஹுஸ்னுல் ஜமால்' என்னும் அறபுமலையாளக் காவியம் முழுமையும் ஒரு காதற் கதை. தமிழ், வடமொழி, அறபு, பாரசீகச் சொற்கள் விரவிய அந்நடையில் நாயகியின் அழகு வருணனை சிறப்பிடம் பெறுகிறது. மாப்பிளச் சமுதாயம் அதனைத் தன் இல்லங்களிலும் மணவிழாக்களிலும் பாடி வந்தது. சமயப் பற்று மிக்க ஒரு சமுதாயம் காதற் காவியத்தைத் தன் சமயத்திற்கு முரணாகக் கருதவில்லை என்பதற்கு இது போதிய சான்றாகும்.

5. ஞானத் தமிழ்

மூன்றாவது நிலை சூபிப் பாடல்களில் காணப்படுவது. இங்கு வேட்கை இறைவனை நோக்கித் திரும்புகிறது. இதற்குரிய சொற்கள் இரு வழிகளிலிருந்து வந்தன. நப்சு, இஷ்கு, ஆசிக்கு, மஃசூக்கு, முகப்பத்து ஆகியன அறபு வழியின. ஆசை, மோகம், இச்சை, மணம், கூடல் ஆகியன தமிழ் வழியின. நப்சு கீழ்நோக்கி இழுக்கும் தன்னுணர்வு. இஷ்கு மேல்நோக்கி இழுக்கும் காதல். இரண்டும் வேட்கையே. அழிக்கப்பட வேண்டியது முன்னதன் திசை என்பதே சூபியர் கொள்கை.

பீர்முகம்மது அப்பாவின் நூல்களுள் 'ஞானரத்தினக் குறவஞ்சி' இவ்வகையில் கருதத்தக்கது. குறவஞ்சி என்பது சிங்கன் சிங்கி ஆகியோரின் காதல் உரையாடலுக்கு இடமளிக்கும் இலக்கிய வகை. இந்நூலில் சிங்கன் மெய்ப்பொருள் பற்றி வினவ, சிங்கி விடை கூறுகிறாள். காதலர் உரையாடலின் வடிவம் மாறவில்லை. உரையாடும் பொருள் ஞானமாகிறது. அறிவைக் கேட்பவன் ஆண், அறிவைத் தருபவள் பெண் என்னும் அமைப்பும் கவனத்திற்குரியது. இவரது 'ஞானப்புகழ்ச்சி' தக்கலையில் ஆண்டுதோறும் ரஜபு மாதத்தில் இரவு முழுவதும் பலர் கூடி ஓதும் நூலாக இன்றும் வாழ்கிறது.

தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்து சென்னை இராயபுரத்தில் வாழ்ந்து மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு இன்னும் தெளிவான சான்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த இவர் இல்லறத்தை ஏற்காது துறவியானவர். நபிவழி இல்லறம் என்னும் பொது நெறியோடு நோக்க இது விலக்கான நிலை. தமிழ்ச் சித்தர் மரபின் செல்வாக்கு இதில் உண்டு. இவருடைய 'மனோன்மணிக்கண்ணி' பரம்பொருளைப் பெண்ணாகப் பாவித்து, அவளை மணக்க ஏங்கும் காதலனின் கூற்றாக அமைகிறது. மனோன்மணி என்னும் பெயர் சாக்த, சித்த மரபுகளில் வழங்குவது.

பக்தி மரபோடு ஒப்பிடுகையில் ஓர் அடிப்படை வேறுபாடு இங்குப் புலனாகும். நம்மாழ்வார் முதலியோர் இறைவனை நாயகனாகவும் தம்மை நாயகியாகவும் பாவித்தனர். மஸ்தான் சாகிபின் இப்பாடல்களில் இறை நாயகி, அடியார் நாயகன். இந்த அமைப்பு அறபு, பாரசீக சூபி மரபிற்கு நெருக்கமானது. அங்கே லைலா என்னும் காதலி இறைமையின் குறியீடு. மஜ்னூன் அடியாரின் குறியீடு. ஸ்பெயினில் பிறந்த இப்னு அறபி (1165-1240) மக்காவில் சந்தித்த நிழாம் என்னும் அறிவுசான்ற பெண்ணை முன்னிறுத்தி 'தர்ஜுமானுல் அஷ்வாக்' என்னும் காதற்பாத் தொகுதியை இயற்றினார். அது வெறும் சிற்றின்பம் எனக் குறைகூறப்பட்டபோது ஒவ்வொரு பாடலுக்கும் ஞானப்பொருள் கூறும் உரையை அவரே எழுதினார். எனவே ஞானத் தமிழின் காதல் மொழிக்குப் பக்தி மரபு மட்டுமே மூலம் என்பது பொருந்தாது. பெயரும் கண்ணி வடிவமும் தமிழுக்குரியன. நாயகன் நாயகி நிலைமாற்றம் சூபி மரபோடு ஒத்தது.

இம்மரபில் பெண்களும் பாடினர். இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள், தென்காசி இறசூல் பீவி, கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா ஆகியோர் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்ற ஞானப் புலவர்கள். கி.பி. 801இல் மறைந்த பஸ்றா நகர் றாபியா அம்மையார் நரக அச்சமும் சுவர்க்க ஆசையும் இன்றி இறைவனை அவனுக்காகவே காதலிக்கும் நெறியை வகுத்தவர். அவ்வழியில் வரும் பெண்குரல் தமிழிலும் ஒலித்தது என்பது சூபி மொழி பெண்ணின் வேட்கைக்கு மதிப்பளித்தமையைக் காட்டும்.

6. உரைநடைக் காலம்: நாணமும் கற்பும்

இருபதாம் நூற்றாண்டில் அச்சு உரைநடை பெருகியது. திருவனந்தபுரத்திற்கு வடக்கே வக்கம் என்னும் ஊரில் பிறந்த அப்துல் காதர் மௌலவி (1873-1932) 1905இல் 'சுதேசாபிமானி', 1906இல் 'முஸ்லிம்', 1918இல் அறபுமலையாள எழுத்தில் 'அல்-இஸ்லாம்' ஆகிய இதழ்களைத் தோற்றுவித்தார். பெண்கல்வியை வலியுறுத்திய அவர், நேர்ச்சை முதலிய வழக்கங்களைக் கண்டித்தார். தமிழகத்தில் பா. தாவூத்ஷா போன்றோர் இதழ்கள் வழியாகச் சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பினர். மூலநூலுக்குத் திரும்புதல் என்னும் இவ்வியக்கத்தால் மக்கள் தம் மொழியிலேயே குர்ஆனைப் பயிலும் வாய்ப்புப் பெற்றனர். அதே வேளையில் மாலையும் கண்ணியும் குறவஞ்சியும் சமயக் கல்வியின் மையத்திலிருந்து விலகின. வேட்கையைப் பற்றிப் பேசும் மூன்று மொழிகளுள் சட்ட மொழியே பொதுமேடையில் எஞ்சியது.

அம்மொழியிலும் இரு சொற்கள் தனி ஆய்விற்குரியன. 'ஹயா' என்னும் அறபுச் சொல் தவறு செய்யக் கூசும் உள்ளத்தைக் குறிக்கும். அது ஆண், பெண் இருபாலாருக்கும் உரிய ஈமானின் கூறு. நபிகள் நாயகத்தின் பண்பாகவே அது போற்றப்படுகிறது. இதனைத் தமிழில் 'நாணம்', 'வெட்கம்' என்றனர். தமிழிலோ அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு எனப் பெண்ணுக்குரிய பண்புகளின் வரிசையில் நாணம் இடம்பெற்றுவிட்டது. திருக்குறளில் நாணுடைமை மாந்தர்க்குப் பொதுவாகக் கூறப்பட்டிருப்பினும் வழக்கில் பெண்சாயலே மேலோங்கியது. இதன் விளைவாக 'ஹயா' பற்றிய அறிவுரை தமிழ் மேடைகளில் பெரும்பாலும் பெண்களுக்குரிய அறிவுரையாகச் சுருங்கியது. மூலத்தில் பொதுவாக இருந்த பண்பு மொழிபெயர்ப்பில் ஒரு பாலுக்குரியதாயிற்று.

'கற்பு' என்னும் சொல்லில் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியைக் காண்கிறோம். குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் பார்வையைத் தாழ்த்துதல், ஒழுக்கம் காத்தல் ஆகிய கட்டளைகளை முதலில் ஆண்களுக்கும் அடுத்துப் பெண்களுக்கும் விதிக்கிறது. 1949இல் முழுமையாக வெளிவந்த ஆ.கா. அப்துல் ஹமீது பாகவியின் தமிழாக்கம் இவ்விரு இடங்களிலும் 'கற்பு' என்னும் சொல்லையே ஆள்கிறது. பிற்கால மொழிபெயர்ப்புகளுள் சில 'வெட்கத்தலம்' என நேர்ப்பொருளைத் தருகின்றன. தமிழ் இலக்கிய வழக்கில் கற்பு பெண்ணின் அணியாகவே கூறப்பட்டு வந்தது. அதனை இருபாலாருக்கும் பொதுவாக்க வேண்டும் எனப் பாரதியார் வாதிட்டார். குர்ஆன் தமிழாக்கத்திலோ ஆணுக்கும் கற்பு உண்டு என்பது வாதமாக அன்றிக் கட்டளையாகவே, இயல்பான தமிழ்த் தொடரில் அமைந்துவிட்டது. சமயம் தமிழ்ச் சொல்லின் எல்லையை விரித்த இடம் இது.

'காமம்' என்னும் சொல்லின் வரலாறும் இங்கு இணைத்து நோக்கத்தக்கது. சங்க இலக்கியத்திலும் குறளிலும் அது இழிபொருள் அற்ற சொல். பின்னர்க் காமம், குரோதம் எனப் பகை வரிசையில் சேர்ந்து தாழ்ந்தது. அறபு 'ஷஹ்வத்' பெண், மக்கள், பொன், குதிரை, விளைநிலம் ஆகிய அனைத்தின் மீதும் எழும் விருப்பத்தைக் குறிக்கும் பொதுச்சொல். தமிழாக்கங்களில் இது பொதுப்பொருளில் 'ஆசை', 'இச்சை' எனவும், பாலியற் பொருளில் 'காமம்', 'காம இச்சை' எனவும் பிரிந்தது. இப்பிரிவால் பாலியல் விருப்பம் பிற விருப்பங்களினின்று விலக்கப்பட்டுத் தனியே இழிவுற்றது. மூலத்தில் அது ஏனைய விருப்பங்களோடு ஒரே வரிசையில் நின்றது. இல்லறக் காமத்தை அறமெனக் கொண்ட சமயத்தை ஒடுக்கும் சமயம் எனத் தமிழர் பலர் எண்ண நேர்ந்தமைக்கு இச்சொல்லின் தாழ்வும் ஒரு காரணமாதல் கூடும்.

7. தொகுப்புரை

மேற்கூறியவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

(அ) இஸ்லாமியத் தமிழ் வேட்கையை மறுக்கவில்லை. அதனைச் சட்டம், காப்பியம், ஞானம் என மூன்று மொழிநிலைகளில் பகிர்ந்து பேசியது. எல்லை வகுத்தல் முதலாவதன் பணி. உணர்வைக் காட்டல் இரண்டாவதன் பணி. திசை மாற்றுதல் மூன்றாவதன் பணி.

(ஆ) காப்பியத்திலும் ஞானப்பாடலிலும் உள்ள காதல் மொழி வடிவத்தால் தமிழுக்குரியது. கருத்தமைப்பால் அது இஸ்லாமிய வரலாற்றிலும் சூபி மரபிலும் வேரூன்றியது. 'கடன்' என்னும் ஒற்றைச் சொல்லால் அதனை விளக்க இயலாது.

(இ) மொழிபெயர்ப்பு இருவழிப் போக்கு உடையது. 'தீட்டு', 'நாணம்' ஆகிய சொற்கள் தமிழ்ச் சமுதாயத்தின் பழைய மனப்பான்மையைச் சமயத்துள் புகுத்தின. 'கற்பு' என்னும் சொல்லோ சமயத்தின் பொதுக்கட்டளையால் தன் பழைய எல்லையைக் கடந்தது.

இன்றைய நிலையில் பாலுறவு, மணவுரிமை, பெண்ணுரிமை ஆகியன பற்றி எழும் விவாதங்களில் இருதரப்பினரும் சட்டச் சொற்களை மட்டுமே சான்று காட்டுகின்றனர். சீறாவின் கதீஜா நாயகியும் குறவஞ்சியின் சிங்கியும் மனோன்மணியும் அவ்விவாதங்களில் இடம்பெறுவதில்லை. தக்கலையில் ஆண்டுதோறும் ஓதப்படும் பாடல்களும் கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களில் குடும்பங்களின் பாதுகாப்பில் உள்ள அறபுத்தமிழ் ஏடுகளும் முறையாகத் தொகுக்கப்பட்டு, அவற்றின் வேட்கைச் சொற்களுக்கு வரலாற்று அகராதி ஒன்று உருவாக்கப்படுமாயின், தமிழ் முஸ்லிம்கள் தம் சமயத்தைப் பற்றித் தம் மொழியில் சிந்தித்த முறை முழுமையாக வெளிப்படும்.